சாக்குக்காரச் சந்தோடு ஒரு பேரம்

கடலூர் முதுநகர் சாக்குக்காரச் சந்தில், உள்ளே போகிறவர்களுக்கு அகலம் நாலடி. வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியே வருகிறவர்களுக்கு ஒரு முழம். இதில் யாருக்கும் சலுகை கிடையாது. சுனாமி வந்த அன்றைக்குத் தண்ணீர் உப்பனாறு வழியாக ஏறிச் சந்தின் வாய்வரைக்கும் வந்து, ஒரு சைக்கிளையும் இரண்டு ஆடுகளையும் இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. அதற்கு மறுவாரத்திலிருந்து இந்த வழக்கம். உள்ளே எது வேண்டுமானாலும் வரலாம்: கட்டில், கிரைண்டர், மருமகள், ஒருமுறை யாருடையதென்றே தெரியாத ஒரு காளை. வெளியே போகிறவர் திரும்பி வருவார் என்றால் சந்து ஒதுங்கி வழிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மீன் வாங்கப் போகிற பெண்களும் கையை வீசிக்கொண்டு போய்வந்தார்கள். திரும்பாத எண்ணத்தோடு ஒரு சொம்பைத் தூக்கினாலும் போதும், இரண்டு பக்கச் சுவரும் நெருங்கிவிடும். 2006இல் அந்தோணிசாமி வேலை கிடைத்து நெய்வேலிக்குக் குடிபோகக் கட்டிலைத் தூக்கினார். கட்டில் நடுச்சந்தில் மாட்டிக்கொண்டது. ஊரார் அதில் உட்கார்ந்து ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேப்பர் படித்தார்கள். அவர் அந்த வேலையை வேண்டாமென்று எழுதிப்போட்ட அன்றைக்கு, கட்டில் தானாக நழுவி வீட்டுக்குத் திரும்பியது. திரும்பாதவர்களில் சந்து தாராளமாக விட்டது நாலு பேர் தோளில் போனவர்களை மட்டும்தான். அவர்களுக்கென்றால் பாடை எங்கேயும் இடிக்காது. பறையடிக்கிறவர் சுழன்று ஆடக்கூட இடம் இருக்கும்.

சந்தின் கடைசி வீடு மணவாளனுடையது. அதற்கப்புறம் ஒரு காலத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிய பழைய மல்லாட்டைக் கிடங்கின் முதுகுச் சுவர். சந்து அதில் போய் முட்டி நின்றுவிடும். மணவாளன் கடைத்தெருவில் சாக்கும் சணல் கயிறும் விற்றார். நல்ல மனிதர், ஆகவே சுமாரான வியாபாரி. வியாபார மூளை அவர் மனைவி அமராவதிக்குத்தான் இருந்தது. அவள் அப்பா பூவராகன் ஸ்ரீமுஷ்ணத்தில் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் கையை விட்டு எதிராளியின் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரிந்து பேரம் கெட்டுவிடும். அமராவதி அதைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பெண்பிள்ளை துண்டுக்குள் கை வைக்கக் கூடாதென்பதால், தம்பி விஜயகுமாரோடு கமர்கட்டுக்கு மட்டும் அப்படிப் பேரம் பேசுவாள். அவன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

2010இல் அவளுடைய இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திக்கொண்டன. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். சாயங்காலம் திரும்பிவிடுவாள் என்று தெரிந்ததால் சந்து மறுக்கவில்லை. மறுத்தது அவள் உடம்புதான். ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மயங்கி, புதுச்சத்திரத்தில் இறக்கிக் கடைப் பெஞ்சில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் வழியிலேயே, என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

விஜயகுமார் சிதம்பரத்தில் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மாலைகட்டித் தெருப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக ஒரு வாடகை வீட்டை அவன்தான் பிடித்தான். அப்புறம் திட்டம். சந்துக்குள் வைத்து வீடு மாறுகிற பேச்சை எடுக்கக் கூடாது, அது கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பேசினார்கள். முதலில் கிரைண்டரை ரிப்பேருக்கு என்று சொல்லித் தூக்கிப் போனார்கள். சந்து நம்பி வழிவிட்டது. ஒரு வாரம் பார்த்தது. கிரைண்டர் திரும்பாததும், அதற்குப் பிறகு உண்மையாகவே ரிப்பேரான மின்விசிறியைக்கூட விடவில்லை.

“பீரோவ கழட்டிறலாமா மாமா?” என்று விஜயகுமார் கேட்டான்.

“ஒங்கப்பா குடுத்த சீருடா அது. ஒரே தகடு. அத்த கழட்டுறதுக்கு என்னக் கழட்டிறலாம்” என்றார் மணவாளன்.

“பீரோவ வுடுங்க. அக்காவ மொதல்ல கூட்டியாந்துட்டா?”

அதுதான் எல்லோருக்கும் தோன்றியது, அதுதான் புத்தி. ஆனால் 2011இன் கார்த்திகை முடியப் போகிறது. மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆகவே நம் ஊரில் எல்லோரும் செய்கிற குறுக்குவழியைச் செய்தார்கள். கார்த்திகையிலேயே ஒரு நல்ல நாள் பார்த்து, சிதம்பரத்து வீட்டில் பாலை மட்டும் காய்ச்சிப் பொங்கவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மார்கழியைக் கடலூரிலேயே கழித்துவிட்டுத் தை பிறந்ததும் போய்விடலாம் என்று கணக்கு. பால் எங்கே பொங்கியதோ அதுதான் வீடு, மற்றதெல்லாம் தங்குமிடம் என்கிற வழக்கம் சந்துக்கும் தெரியும் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் அமராவதி சேலையில் பால் வாசனையோடு உள்ளே நுழைந்தபோது, சுவர்களிலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம். முதலில் அவளைத் தூக்கிப்போகிற பிளாஸ்டிக் நாற்காலியின் கை சிராய்த்தது. அடுத்த முறை நாற்காலியைச் சாய்த்துப் பிடித்தார்கள். அதற்கும் அடுத்த முறை அவளே சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்து போனாள். மார்கழி இரண்டாம் செவ்வாய்க்கிழமை அதுவும் முடியவில்லை. கால் முகமெல்லாம் வீங்கியிருந்தவளுக்குச் சந்து ஒரு சாண் குறைவாக இருந்தது. அன்றைக்கு மெஷின் இல்லை. புதன்கிழமை அவளால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. துறைமுகத்தில் புயல் கூண்டின் எண் காய்கறி விலைபோல ஏறிக்கொண்டே போனது. வியாழக்கிழமை மத்தியானம், ‘தானே’ புயல் ராத்திரிக்குக் கரையேறும், பஸ்ஸெல்லாம் நின்றுவிடும் என்றார்கள். வெள்ளியும் தவறினால் சந்து அவளுக்கு எவ்வளவு அகலம் தரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விஜயகுமார் சந்து முக்கில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கடப்பாரையால் சுவரை இடித்தான். நாலு செங்கல் விழுந்தது. பக்கத்து வீட்டுச் சடையப்பன் பரிதாபப்பட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினால் நாலும் பழைய இடத்தில், பழைய பாசியோடு இருந்தன.

அமராவதி நாற்காலியை நெருக்கமான இடத்தில் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“தோள்ல கெடக்குற துண்ட குடுங்க.”

“எதுக்கு, வேர்க்குதா?” என்றார் மணவாளன்.

“வியாபாரத்துக்கு.”

வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டாள். சந்துக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். தன் வீட்டு வாசற்படியில் நின்றிருந்த சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

“பொம்பள துண்டுல கை வக்கிறது எந்த ஊரு வழக்கம்மா?”

“சாவப்போறவளுக்கு எந்த ஊரு வழக்கம்ண்ணே?” என்றாள்.

துண்டு அசைந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்திருந்தது. காரைதான் என்றாலும் கை; உள்ளங்கை வேர்த்திருந்தது என்று பிறகு சொன்னாள். முதல் பிடியில் ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கியது, அதாவது ஆள், சாமான், கதவு, நிலை எல்லாமே இங்கேதான். அமராவதி கையை உருவிக்கொண்டு, சந்தையைவிட்டுப் போகிறவள்போல மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை தானாகத் தேடி வந்தது. பாத்திரம் பண்டத்தை விட்டு நான்குக்கு இறங்கியது. கட்டிலையும் கதவையும் விட்டு மூன்றுக்கு வந்தது. மேலே காற்று ஓட்டைப் பெயர்த்து எறிந்துகொண்டிருந்தது. பீரோவுக்கு மட்டும் வெகுநேரம் பிடிவாதம் பிடித்து, அதையும் விட்டது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்னாத்தான் கேக்குது?” என்றார் மணவாளன்.

“ஒங்கள வுட்டுர்றேங்குது.”

“நான் போயி என்னா பண்றது? எனக்கா கிட்னி?”

“அதான் நானும் சொன்னேன். இவர வச்சிக்கிட்டு என்ன வுடுன்னு கேட்டன். வேணாங்குது.”

அந்த நேரத்திலும் சந்துக்காரர்கள் சிரித்தார்கள், மணவாளனுக்கு லேசாக வலித்தது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் பாக்கி, அது அவளேதான். அதைக் கை விடவில்லை. அவள் முகத்தைத் திருப்பினாள், அசட்டையாக இருந்தாள், கோபப்பட்டாள், ஒன்றும் பலிக்கவில்லை. மழை இறங்கியது. விஜயகுமார் கடப்பாரையை மறுபடி எடுத்தான். அமராவதி தலையை அசைத்து வேண்டாமென்றாள். வியாபாரி பிடித்தால் பிடி ஏறி இறங்கும், எங்கே கொஞ்சம் தளரும் எங்கே இறுகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பிடியில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

“ஏங்க, இது வெல கேக்கலங்க” என்றாள். “பயந்துபோயி புடிச்சிக்கிட்டு இருக்குது. அன்னிக்கி தண்ணி வந்துட்டுப் போச்சே, அப்பப் புடிச்ச புடி.”

பிறகு துண்டுப் பேரத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள், வாயைத் திறந்து சத்தமாகச் சுவரிடமே பேசினாள்.

“எங்கப்பா கன்ன வுட்டு வராத பசுவ அடிச்சி இழுத்ததே கெடையாது. கன்னையும் கூடவே ஓட்டிக்கிட்டு வருவாரு. ஒன்ன வுட்டுட்டுப் போறன்னு எவன் சொன்னான்? நீயும் கெளம்பு.”

அப்புறம் துண்டுக்கடியில் உள்ளங்கையில் ஒரு தட்டு, தரகர்கள் பேரம் முடிந்ததும் தட்டுகிற அதே தட்டு. துண்டு கீழே விழுந்தது. மணவாளன் திரும்பிப் பார்த்தபோது சந்தின் கோடியில் மல்லாட்டைக் கிடங்குச் சுவர் இல்லை. சந்து அங்கே நிற்காமல் தெற்கே போய்க்கொண்டிருந்தது, ஒரு நாற்காலி அகலத்துக்கு.

அவ்வளவு நீளத்துக்குச் சரக்கு எங்கேயிருந்தாவது எடுத்தாக வேண்டும். சந்து வீட்டுக்கு ஒரு சாண் எடுத்துக்கொண்டது. சடையப்பன் நின்றிருந்த படி காலுக்கடியில் காணாமல் போய், அவர் தெருவில் உட்கார்ந்தார்.

“என் படிய எட்த்துக்கிச்சிடா!”

“மார்கழில குடிபோறியே அமராவதி?” என்று அவர் மனைவி மங்கம்மா ஓடிவந்து கேட்டாள், கணவரைத் தூக்கிவிடாமலே.

“பாலு கார்த்திகையிலயே பொங்கிடிச்சிக்கா” என்றாள் அமராவதி. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

மணவாளன் முன்னால், விஜயகுமார் பின்னால், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலைக்குமேலே புயல் தென்னைகளைத் திருகிக்கொண்டிருந்தது. சந்துக்குள் தூறல் மட்டும். சுவர்கள் இழுத்த ரப்பர்போல விண்ணென்றிருந்தன. பின்னாலிருந்து விஜயகுமார் “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான், அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒருதடவை காட்டவில்லை. மணவாளன் நின்றுவிட்டார். “நிக்காதீங்க மாமா” என்று அவன் கத்த, அவர் திரும்பிப் பார்க்காமலே மறுபடி ஓடினார். எவ்வளவு நேரம் ஓடினார்கள் என்று இருவரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். மாலைகட்டித் தெரு வாடகை வீட்டின் கொல்லையில் போய் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி போட்ட நர்ஸ், இந்தப் புயலில் கடலூரிலிருந்து எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள். சந்து வழியாக என்றார் மணவாளன். அவள் சரி என்று எழுதிக்கொண்டாள். மெஷின் பாதி ஓடியபிறகு அமராவதி கண்ணைத் திறந்து, பீரோ வந்துவிட்டதா என்று கேட்டாள்.

பீரோ மறுவாரம் வந்தது. புயலுக்குப் பிறகு கடலூரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சந்துக்காரர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட அமராவதி வீட்டுக்கு நடந்து வந்தார்கள். சடையப்பன் முதலில் படிக்கு நஷ்டஈடு கேட்டு வந்தார், காபி குடித்தார், அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் நாற்காலி தூக்குகிற முறையை அவரே எடுத்துக்கொண்டார். மணவாளன் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார். 2012 முழுக்க யாரும் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அமராவதியே மீனுக்கு முதுநகர் கிளம்பிவிடுவாள், சிதம்பரத்து மீன்காரர்களிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை என்பது அவள் கட்சி. பஸ் கட்டணம் ஏறியபிறகு வெளியாட்களும் அந்த வழியைக் கேட்டு வருகிறார்கள். முதல்முறை வருகிறவர்கள் நடுவில் ஓரிடத்தில் கணுக்கால்வரை தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் தயங்குவார்கள். அது வெள்ளாறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.