லூ யோங்தாயின் செங்கல்

செங்கல்லைத் துணிக்கூடைக்குள் தள்ளி, ஈரப் போர்வையை மேலே இழுத்துவிட்டுச் சுய்லியன் நிமிர்ந்தபோது சோதனைச் சிப்பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா துணிக்காரி, கல்லுக் குவியல்கிட்ட உனக்கென்ன வேலை?"

"செருப்பு வார் அறுந்துடுச்சுங்க ஐயா."

"கூடை ஏன் இப்படித் தொங்குது?"

அவள் தடுமாறவில்லை. "பிரசவத் துணிங்க. உங்க தலைவர் வீட்டுதுதான். கறை இன்னும் போகல. பிரிச்சுக் காட்டட்டுமா?"

சிப்பாய் காறித் துப்பிவிட்டு இரண்டடி பின்வாங்கினான். "விடிஞ்சதும் நல்ல தரிசனம். போ, போய்த் தொலை."

கூடையின் பிடி விரல்களை அறுத்தது. ஒரு கல், நடக்கத் தெரிந்த குழந்தையின் கனம். அதையும் ஈரத் துணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கனமே இல்லாதவள்போல நடக்க வேண்டும். நடந்தாள். பின்னால் சிப்பாய்கள் அடுத்த கல்லை எடுத்துக் கம்பால் தட்டும் சத்தம் கேட்டது. மணிபோல ஒலித்தால் மதிலுக்கு. சொத்தென்று கேட்டால் ஒதுக்கு.

நான்ஜிங்கின் மதில் அப்போது பாதி உயரம்தான் எழுந்திருந்தது. புதுப் பேரரசர், புதுத் தலைநகர். பெரிய ஆற்றின் மேல்கரை மாவட்டங்கள் எல்லாம் சூளை போட்டுக் கல் அனுப்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கல்லின் விலாவிலும் பெயர்கள்: அதிகாரி பெயர், ஊர்த்தலைவர் பெயர், கடைசியில் சுட்டவன் பெயர். கல் பழுதானால் யாரைப் பிடிப்பது என்று கல்லே சொல்லிவிடும். மூன்று முறை ஒதுக்கப்பட்டால் சுட்டவன் தலை போகும். அவள் ஊர்ப் படகோட்டி பெங்தான் அதை அவளுக்குச் சொன்னது.

தலைநகரை நிரப்ப ஊர் ஊராகக் குடும்பங்களைப் படகில் ஏற்றி வந்தபோது அவளும் புருஷனும் சேர்ந்துதான் வந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே, மண் தெரிந்தவன் என்று அவனை மட்டும் ஊர்ச் சூளைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் இங்கே, ச்சின்ஹுவாய் ஆற்றுத் துறையில், அடுத்தவர் அழுக்கோடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் லூ யோங்தாய் என்ற மூன்று எழுத்தை விரல் நுனியால் தெரியும். ஊர்ப் படகு வரும் நாளில் கல் அடுக்கின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு விலாவையும் தடவிக்கொண்டே போவாள். "வந்துட்டாடி, புருஷன் கடுதாசியைத் தடவிப் படிக்க" என்று மற்றத் துணிக்காரிகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவன் கல்லைச் சுண்டினால் நெடுநேரம் பாடும். அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

பிறகு அந்தப் பாட்டு நின்றது. அவன் பெயர் போட்ட கல்லில் விரிசல், வேகாத நடுப்பகுதி, கோணல் விளிம்பு. உடம்பு சரியில்லையோ, கண் மங்கிவிட்டதோ என்று தவித்தாள். தவித்துக்கொண்டே திருடினாள். சோதனைக்கு முன்னால் சுண்டிப் பார்த்து, பாடாததை எடுத்து, ஆற்றில் விட்டாள்.

இன்றும் படித்துறைக் கோடிக்குப் போய், துணி அலசுபவள்போல முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூடையைச் சாய்த்தாள். கல் சத்தமில்லாமல் உள்ளே போனது.

"தங்கச்சி."

கரையில் பெங் நின்றிருந்தார்.

"பாத்துட்டீங்களாண்ணே? பாத்தது நீங்களா இருந்தா சரி." அவள் கடைசிப் படிக்கு ஏறி, மடித்த துணியிலிருந்து ஒரு ஜோடித் துணிச் செருப்பை எடுத்து நீட்டினாள். "அவருக்கு, இந்த வருஷத்துது. அடிப்பாகம் ரெட்டைத் தையல்."

பெங் வாங்கவில்லை. "வேணாம்மா."

"ஏன், பழசு இன்னும் கிழியலையாக்கும்? உங்க கூட்டாளி செருப்பையும் பொண்டாட்டி மாதிரிதான், மூலையில போட்டு வைப்பாரு." சிரித்துவிட்டுச் செருப்பைத் திரும்ப மடித்தாள். "அதுவும் சரிதான். நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

"என்னது?"

"நீங்க திரும்பிப் போறப்ப நானும் வரேன். வெறும் படகுதான, பாய்க்கடியில படுத்துக்கறேன். மண்ணு மிதிக்க எனக்குத் தெரியும். அவரு கை நடுங்கினா என் கையால கல்லு அறுக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அனுமதி இல்லாம ஊரை விட்டுப் போனா முதுகுத் தோலை உரிச்சுடுவான்."

"உரிக்கட்டும். இன்னிக்கு ஒரு கல்லு எடுத்தேன். அந்தக் குவியல்ல இன்னும் ரெண்டு பாடல. எத்தனையத்தான் தூக்க முடியும் என்னால? சிப்பாயை நான் முந்த முடியாத ஒரு நாள் வரும்ண்ணே. அதுக்குள்ள அவரு கையை நான் சரி பண்ணணும்."

"அங்க போய் நீ செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீங்க துடுப்பைப் போடுங்க, போதும்." அவள் கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "படகு எங்க கட்டியிருக்கு?"

பெங் அவள் வழியை மறித்து நின்றார். ஆற்றோடு பேசுபவர்போல அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவன் இல்ல தங்கச்சி. சூளைக் கூரை உள்வாங்கிடுச்சு. பனி கொட்டின வருஷம்."

சுய்லியன் அவரையே பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, ஒரு சலிப்புத்தான் வந்தது. "என்னை விட்டுட்டுப் போறதுக்கு வேற பொய்யே கெடைக்கலையா? இப்பத்தான தண்ணில விட்டேன். அவரு பேரு இருந்துச்சு."

"பேரு மரஅச்சுல இருக்கும்மா. ஆளு போயிட்டா அச்சா போயிடும்?"

அவள் விரல்கள் கூடைப் பிடியில் அப்படியே நின்றன.

"ஊர்த்தலைவர்தான் சொன்னாரு. நல்லா அறுத்த பச்சைக் கல்லுக்கு உசிரோட இருக்கறவன் பேரைப் போடு, சந்தேகப்பட்டதுக்கு யோங்தாய் பேரைப் போடுன்னு. மேலிடத்துலேர்ந்து தாக்கீது வந்தா, இப்பத்தான் செத்தான்னு பதில் எழுதிடலாம். செத்தவன் தலையை எவன் வெட்டுவான்?" பெங் இன்னும் ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா தாக்கீதே வரல. நீ எடுத்து எடுத்து ஆத்துல போட்டுட்ட. அதனால அவன் பேரு இன்னும் ஓடிட்டிருக்கு."

சின்ன அலை ஒன்று வந்து அவள் கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் கவனிக்கவில்லை. அவனுக்காக வேண்டிக்கொண்ட இரவுகளும், அவன் கை நடுங்குமே என்று தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உள்ளே நின்றன. கேட்க எவ்வளவோ இருந்தது. எங்கே புதைத்தீர்கள், என்ன உடுத்திவிட்டீர்கள், யார் அழுதார்கள். ஆனால் வாய்க்கு வந்தது வேறொன்று.

"நான் எடுக்கறது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

பெங் ஆமென்று தலையசைத்தார்.

"தெரிஞ்சும் சொல்லல. வருஷா வருஷம் செருப்பை வாங்கிட்டுப் போனீங்க. கச்சிதமா இருந்துச்சாம்னு வந்து சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நான் யார் தலையைக் காப்பாத்திட்டு இருந்தேண்ணே? அந்தக் கல்லையெல்லாம் யாரு சுட்டது?"

பெங் படியில் உட்கார்ந்தார். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"என் மகன்," என்றார்.