பாதி ஆணி

மக்லூஃபின் முன்னால் இரும்பு விலங்குக்காக நீட்டப்பட்ட கால் அவன் மனைவியின் தம்பி யஈஷுடையது. ஷல்தீஷ் தீவை ஆண்ட அமீர் அதை இஷ்பீலியா அரசனின் படைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு படகேறி இரண்டு நாளாகிறது. மனம் பொறுக்காமல், கரையிறங்கிய படைமீது அம்பு விட்டவர்களில் ஐந்து பேர் மீன் உலர்த்தும் மணலில் கழுத்தறுபட்டுக் கிடந்தார்கள். மிஞ்சிய ஆறு பேருக்கு விலங்கு பூட்ட ஊரின் இரண்டு கொல்லர்களையும் இழுத்து வந்திருந்தார்கள். ஒருவன் மக்லூஃப். மற்றவன் அவனோடு பத்து வருஷமாகப் பேச்சில்லாத கிழவன் ஹுதைல்.

"அமீரு தப்பிச்சாரு, நீங்க இவனுகளுக்குக் கூலிக்கு மாரடிக்கிறீங்க. அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க மச்சான்?"

"கால ஆட்டாத" என்று மட்டும் சொன்னான் மக்லூஃப். விலங்கை மூட்டும் ஆணியைப் பாதியாக நறுக்கிச் செருகி, தலையைத் தட்டிப் பரப்பினான். பார்த்தால் முழு ஆணிதான். கைதிகளை ஏற்றிய கப்பல் கடலுக்குப் போனதும் விலங்கை நழுவவிட்டுக் குதித்து நீந்திவிடுவான் என்று நினைத்தான்.

யஈஷுக்கு ஏது அவ்வளவு பொறுமை? படகுத்துறைக்குப் போகும் வழியிலேயே காலை உதறி விலங்கைக் கழற்றினான். அதைச் சுழற்றி ஒரு சிப்பாயின் மண்டையைப் பிளந்தான். யஈஷ் நிமிர்வதற்குள் மூன்று ஈட்டிகள் அவன் வயிற்றில் இறங்கின.

படைத்தலைவன் பாதி ஆணியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

"இத அடிச்சது யாரு?"

மக்லூஃப் குனிந்து மிச்ச ஆணிகளைப் பொறுக்கினான். ஹுதைல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். படைத்தலைவன் அதிகம் காத்திருக்கவில்லை; இருவரில் யாரானாலும் அவனுக்கு ஒன்றுதான். கிழவனின் வலது கையைப் பட்டடைக்கல்லில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மக்லூஃபிடம் திரும்பினான்.

"நீ அடி."

"ஒரே அடியா அடி" என்றான் ஹுதைல்.

பத்து வருஷத்தில் அவன் மக்லூஃபிடம் பேசிய முதல் பேச்சு அது. மக்லூஃப் அடித்தான். இரும்பில் விழும் அடிக்குச் சம்மட்டி எதிர்த்துத் துள்ளும். இந்த அடிக்குத் துள்ளவில்லை.

மறுநாள் காலை, தம்பியைப் புதைத்துவிட்டு வந்த மனைவி வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மக்லூஃப் பட்டறையில் அணைந்த உலையருகே உட்கார்ந்திருந்தான். ஹுதைல் உள்ளே வந்தான். கையில் சுற்றிய துணி கறுத்து விறைத்திருந்தது.

"பாத்ததுமே தெரிஞ்சுச்சு, உன் ஆணின்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

கிழவன் சாம்பலைக் காலால் கிளறித் தணலைத் தேடினான். பிறகு துருத்தியின் பக்கத்தில் குந்தி, இடது கையால் ஊதத் தொடங்கினான்.

"எனக்கும் சோறு வேணும். இனி நான் ஊதுறேன், நீ அடி. எந்திரி."

நெருப்பு மேலே எழுந்தது. சம்மட்டி பட்டடைக்கல்லின்மேல் கிடந்தது.