காலுறையில் தைத்த வலை

என் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு அதைவிட ஒரு விரற்கடை கூடுதல். அதனால்தான் அவனிடம் கேட்காமலே அவன் மனைவியின் அலமாரியைத் திறந்தேன்.

அவள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை பார்த்தவள். சீருடைப் பாவாடை, கோட்டு, மெல்லிய நைலான் காலுறைகள் எல்லாம் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. தம்பி யாரையும் தொட விடமாட்டான். தூசி தட்டப் போனால்கூடக் கண்கொத்திப் பாம்பாக நிற்பான். அவன் மகள், எங்கள் வாலு, ஒருமுறை அம்மாவின் சீப்பால் தலைவாரியதற்கு வீட்டையே இரண்டாக்கிவிட்டான். அதன்பிறகு அந்தப் பிள்ளை அந்த அறைப் பக்கமே போவதில்லை. அம்மா என்ற வார்த்தையையே வாயில் எடுப்பதில்லை. எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

பள்ளியில் கடல் பாடம். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பிடித்துப் பார்க்க ஆளுக்கொரு வலை செய்துவரச் சொல்லியிருந்தார் டீச்சர். பழைய நைலான் காலுறை போதுமாம், அதன் பின்னல் கண்கள் அவ்வளவு பொடி.

"கடையில புதுசு வாங்கலாமா அத்தை?" என்று வாலு குசுகுசுத்தாள்.

"வீட்டுல இருக்கும்போது கடை எதுக்கு?" என்றேன். வீம்புதான், வேறென்ன.

தையல் என் தொழில். காலுறையின் வாயைப் பூவேலை வளையத்தோடு சேர்த்துத் தைத்தேன். பாதத்தை வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் சின்னப் பிளாஸ்டிக் புட்டி ஒன்றைக் கட்டினேன். கத்தரிக்கோலை வைக்கும்போது மட்டும் கை கூசியது.

வலை போட வாலுவைப் படகுத்துறைக்கு நானே கூட்டிப்போய்க் கூட்டிவந்துவிட்டால் தம்பிக்குத் தெரியாது என்று நினைத்தேன். அன்றைக்கென்று பார்த்துத் துறைமுகத்தில் அவன் ஓட்டும் கிரேன் பழுது. "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

படகுத்துறையில் வாலு பையைத் திறந்ததும் பார்த்துவிட்டான். பேயறைந்த முகம்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான்டா."

"நான் போடலப்பா. நீயே வச்சுக்க" என்று வாலு வலையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டீச்சருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "போடுங்க, போடுங்க! மெதுவா நடந்து இழுக்கணும். வேகமா இழுத்தா ஒண்ணும் சிக்காது. ரொம்ப நேரம் உள்ளேயே விட்டுடாதீங்க, புட்டிக்குள்ள நெருக்கியடிச்சுச் செத்துடும்" என்று கையைத் தட்டினார். வாலு பயத்திலேயே வலையைத் தண்ணீரில் விட்டாள்.

கொஞ்சதூரம் நடந்து தூக்கினாள். புட்டியில் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. டீச்சர் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தார். வாலு கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை.

"அத்தை! முதுகுல முள்ளோட நண்டுக் குஞ்சு! உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கு, உள்ள இதயம் துடிக்குது!"

நானும் பார்த்தேன். உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத இன்னொன்று, இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்துகொண்டு துள்ளித் துள்ளிப் போனது. வாலுவின் குரல் இத்தனை நாளில் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், வலையை மறுபடி தண்ணீரில் விட்டு, கயிற்றைப் பிடித்தபடி துறையோரமாக நடந்துகொண்டிருந்தான். கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நிரம்பிக் காலுறை உப்பியிருந்தது. கெண்டைக்கால் திரண்டு, முழங்கால் லேசாக மடிந்து, அப்படியே அவள் கால்.

அவன் துறையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"போதும்டா, தூக்கு."

"தூக்குனா வெறும் துணியாயிடும்க்கா."

வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

மற்ற பிள்ளைகள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். வாலு ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

"அம்மா கால்" என்றாள்.

"ஆமாண்டா கண்ணு."

அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். துறை முடியும் இடத்தில் அவள் நின்றாள்.

"தூக்குப்பா. உள்ள நிறைய சேர்ந்திருக்கும். பாவம்பா."

அவன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு தூக்கினான். தண்ணீர் வடிய வடியக் காலுறை சுருங்கி, இருபக்கமும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவசர அவசரமாகப் புட்டியை அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்து மகளிடம் கொடுத்தான்.

"டீச்சர்கிட்ட ஓடு. ஓடு, ஓடு! ஒண்ணுகூடச் செத்துடக் கூடாது."