சாயங்காலத்துக்கு வை

நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மெத்தைக்கடைக்காரர் வீடு, இந்தப் பக்கம் நான். கடை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. சுவர் மெல்லியது, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அந்த வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கியிருக்கிறேன். குழாய் சொட்டுகிறது, ஈரத் துண்டு கட்டிலில் கிடக்கிறது, தலையணை கெட்டியாக இருக்க வேண்டுமா மெத்தென்று இருக்க வேண்டுமா - எதற்கும் சண்டை வரும். சண்டை ஓய்ந்ததும் காபி வாசனை வரும்.

இதில் வந்து கைவைத்தவள் கடைக்காரரின் தங்கை. ஏதோ விளம்பரக் கம்பெனியில் இருக்கிறாள். ஈ ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இணையத்தில் கடை பேரில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். மெத்தையை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துப் போட்டார்கள். பார்த்தது நானும் கடைக்காரர் மனைவியின் அக்காவும். ஒருநாள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டார்கள்.

"தலகாணி கெட்டியா இருந்தாத்தான் கழுத்து நேரா நிக்கும்" என்றாள் அவள்.

"உன் கழுத்து எதுக்குத்தான் வளைஞ்சிருக்கு?" என்றார் இவர்.

தங்கை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அண்ணன் கட்சி, அண்ணி கட்சி என்று பிரிந்து நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாண்ணே? பொருளைக் காட்டினா பாத்துட்டுப் போயிடுவாங்க. கட்சி பிரிச்சு விட்டா உக்காந்து பேசுவாங்க. இதுக்குப் பேருதான் என்கேஜ்மென்ட்."

பிறகென்ன, தினமும் சாயங்காலம் கடையிலிருந்து லைவ். முடிக்கும்போது பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. வருகிற கமெண்டுக்கெல்லாம் சூடு ஆறுவதற்குள் பதில். கடையில் கூட்டம் ஏறியது. மெத்தை வாங்க வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்துகூடப் பார்க்காமல் அண்ணியோடு செல்ஃபி எடுத்தார்கள். அதோடு தங்கை ஒரு சட்டமும் போட்டாள்.

"வீட்டுல சண்ட போட்டுத் தீத்துடாதீங்க. அங்க தீந்துபோனா இங்க சப்புன்னு இருக்கு. எல்லாத்தையும் சேத்து வைங்க, அண்ணி."

சொன்னவள் மறந்திருப்பாள், அண்ணன் மறக்கவில்லை. காலையில் அவள் "ஏங்க, இந்தக் குழாய்..." என்று வாயெடுத்தால் போதும், போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி கையைத் தூக்குவார்.

"இரு, இரு. சாயங்காலத்துக்கு வை."

எந்தப் பேச்சு சண்டையில் போய் முடியும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாப் பேச்சையும் வைக்கச் சொன்னார். உடம்பு சூடாக இருக்கிறது என்றாலும் சாயங்காலம், கனவு கண்டேன் என்றாலும் சாயங்காலம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் மிஞ்சியது. சந்தேகத்துக்கு ஒரு தடவை காதையே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை ஊரோடு சேர்ந்து போனில் பார்க்க வேண்டிய கதிக்கு வந்துவிட்டேன்.

நேரிலும் போய்ப் பார்த்தேன், தலையணை உறை வாங்குகிற சாக்கில். லைவ் முடிந்து விளக்கு அணைந்ததும் இரண்டு முகமும் கூடவே அணைந்துவிட்டன. அவர் அளவு நாடாவைச் சுருட்டினார். அவள் தலையணை உறை மடித்தாள். கோபம் என்றாலாவது ஒரு கணக்கு. பஸ்ஸில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஒருநாள் மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். புருஷன் இறந்த பிறகு வேறு ஊரில் தனியாக இருக்கும் அவள் அக்கா, என்னோடு வந்து இருந்துவிடு என்று கூப்பிடுகிறாளாம்.

"போயிடலாமான்னு இருக்கு" என்றாள். விலைச் சீட்டைப் படிக்கிற குரல். "அவரு வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா இருந்துடுவேன்."

"சொல்லிப் பாத்தியா?"

"வாயத் திறந்தேன். சாயங்காலத்துக்கு வைன்னுட்டாரு."

வைத்தாள். அன்று சாயங்காலம் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனோடு உட்கார்ந்தேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல."

அவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பழக்கம். "போறப்ப அந்தக் கெட்டி தலகாணியையும் தூக்கிட்டுப் போ. நான் நிம்மதியா தூங்கறேன்!"

திரையில் இதயமும் சிரிப்புமாகக் கொட்டியது.

"சரி" என்றாள் அவள்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "அண்ணி போகணுமா, வேண்டாமா? கமெண்ட்ல சொல்லுங்க!"

முக்கால்வாசிப் பேர் 'போகட்டும்' என்றார்கள். அண்ணி கட்சிக்காரர்களும்தான். 'போங்க அண்ணி, ஜாலியா இருங்க' என்று போட்டவர்களில் நானும் ஒருத்தி, எல்லோரும் போடுகிறார்களே.

மறுநாள் காலை அவள் படியிறங்கிப் போனாள். ஒரு கையில் பை, இன்னொரு கையிடுக்கில் கெட்டித் தலையணை. அவர் கல்லாவில் உட்கார்ந்து கமெண்டுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தார். தலையணையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சாயங்காலம் நாற்காலி காலி. "விடுண்ணே, சஸ்பென்ஸ் நல்லது. அண்ணி எங்கேன்னு எத்தனை பேர் கேக்கறாங்க பாரு" என்றாள் தங்கை. அவரும் காலி நாற்காலியைப் பார்த்து இரண்டு ஜோக் அடித்தார். அதற்கும் கூட்டம் குறையவில்லை.

வாரக் கடைசியில் என் வாசலில் வந்து நின்றார்.

"அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"நீங்க வேண்டாம்னு சொன்னா இருப்பேன்னு சொன்னா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னாளே. ஊரே கேட்டுச்சு."

"அது... லைவ்ல."

"வேற எப்பதான் சொல்றது?"

அவர் அங்கேயே நின்று அவளைக் கூப்பிட்டார். போனைக் காதில் வைக்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டார். லைவுக்குப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டி, முகத்துக்கு நேரே பிடித்தார். தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அதனால் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"லைவ் போகுதா?" என்றாள் அவள்.

"இல்ல."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

நான் யாருமில்லையாம். போகட்டும்.

"அப்ப சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அந்த ஒற்றை வார்த்தையை நானே எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"குழாய் சொட்டுது" என்றார்.

"அது ரொம்ப நாளா சொட்டுது."

"ஓ."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"வேற ஏதாவது இருக்கா?" என்றாள்.

சட்டைப்பையில் சாவியைத் தேடுகிறவர் மாதிரி நெடுநேரம் தேடினார்.

"சாயங்காலம் கூப்பிடட்டுமா?"

அவள் வைத்துவிட்டாள். கோபமாகக்கூட இல்லை, அறையை விட்டுப் போகிறவர் விளக்கை அணைப்பது மாதிரி. அவர் போனை அதே தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மட்டும் இன்னும் தயாராக இருந்தது.