இருநூற்றுப் பதினேழு பட்டன்கள்

ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போடலாமா கூடாதா என்று நாலு இசைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் அடிதடியில்தான் முடியும். போட்டால் மைக் வேலை செய்யாது என்பார் ஒருவர். போடாவிட்டால் பின்தங்கிப் போவாய் என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால் ஒரே பதில்தான். கையில் வேலை இருக்கும்போது அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

இதைப் பத்து வருஷமாக அண்ணன் காதில் ஓதிக்கொண்டிருக்கிறேன். ஆள் பிடிப்பது, பேரம் பேசுவது, மக்கர் செய்யும் ஏ.சி.யைத் தட்டி எழுப்புவது எல்லாம் அவன் பொறுப்பு. மிக்ஸிங் என் பொறுப்பு. பேச்சு, பாட்டு, பின்னணிச் சத்தம் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளந்து கலப்பது. எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும். அண்ணன் அதற்கு வைத்த பெயர் வாயாடி.

புதன்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தேன். விசையைத் தட்டினேன். "பட்டன்" என்றது வாயாடி. அடுத்ததற்குப் போனேன். "பட்டன்." அதற்கும் அடுத்தது. "பட்டன்." நேற்றுவரை திரையில் இருந்த ஒவ்வொரு பட்டனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல், இன்று எதையும் தெரியாதது மாதிரி பேசியது.

"என்ன பண்ணின?" என்று அண்ணனைக் கேட்டேன். பஞ்சு வாயில் இருந்ததால் கத்தக்கூட முடியவில்லை.

"டைரக்டர் ஃபைல் அனுப்பிட்டாரும்மா. நம்ம பழைய ஓ.எஸ்.ல அது திறக்கவே இல்ல. புதுசு போட்டாத்தான் ஆச்சுன்னுச்சு. நீ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சிடலாம்னு..."

"என்னைக் கேட்டியா?"

"நீ அங்க டாக்டர்கிட்ட வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருந்த. எப்படிக் கேக்கறது?"

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் ஃபைல் விஷயத்தில் அவன் சொன்னது நிஜம். பழைய ஓ.எஸ்.ஸின் நகல் ஒரு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போகலாம். போனால் வாயாடி பேசும், ஃபைல் திறக்காது. போகாவிட்டால் ஃபைல் திறக்கும், வாயாடி உளறும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். கண் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. என் அண்ணன் காதைக் கட்டிவிட்டான்.

அந்த டைரக்டர் மீன்பிடிப் படகுகளைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார். முதல் பத்து நிமிஷத்தை நான் அவர் முன்னால் மிக்ஸ் செய்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் முழுப் படமும் எனக்கு. என் கையில் வரும் முதல் படம்.

"நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றான் அண்ணன். "நீ சொல்லு, நான் மவுஸைத் தட்டறேன். யார் தட்டினா என்ன? காது உன்னோடதுதான?"

வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இதற்கு முன் இரண்டு ஸ்டூடியோக்களில் அப்படித்தான் இருந்தேன். நான் சொல்வேன், ஒருவர் தட்டுவார். படத்தில் தட்டியவர் பெயர் வரும். பார்க்க வந்தவர்கள் அவர் கையைக் குலுக்கிவிட்டு, "தங்கச்சிக்கு நல்ல ஞானம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். சொந்த ஸ்டூடியோவிலும் நான் ஒப்புக்குச் சப்பாணியா?

"பழசுக்குப் போகப் போறதில்ல. நீ மவுஸையும் தொடப் போறதில்ல," என்றேன். "நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்கு."

வாயாடியில் ஒரு வசதி உண்டு. பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் வைக்கலாம். வைத்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லும். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு டிரம்ஸ் துண்டை ஓடவிட்டேன். ஒவ்வொரு பட்டனாகத் தட்டினேன். சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்டேன். கேட்டதைப் பெயராக அடித்தேன். டிரம்ஸ் கிணற்றுக்குள் போய்விட்டதா? அதன் பெயர் கிணறு. சளி பிடித்த மூக்கு மாதிரி ஆகிவிட்டதா? ஜலதோஷம். மதியத்துக்குள் நூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டேன்.

மிச்சமிருந்தவைதான் வம்பு. தட்டினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவை எதற்கு என்று கண்டுபிடிக்க எந்தக் காதாலும் ஆகாது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கையைக் கட்டிக்கோ. வாயை மட்டும் திற."

அவன் படித்தான், நான் அடித்தேன். சேமி. நகல் எடு. பெரிதாக்கு. ஒன்றில் என் விரல் இறங்கப் போகும்போது, "ஐயோ, அதைத் தட்டாத! எல்லாத்தையும் அழிக்கிறது!" என்று அலறினான். அதற்கு 'தொட்டால் கெட்டாய்' என்று பெயர் வைத்தேன். அவன் சிரித்தான். முந்தின நாளிலிருந்து விறைத்துக் கிடந்த என் தோளும் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

சாயங்காலம் ஐந்தரைக்கு எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினேழு.

"உன்னைக் கேக்காம பண்ணிருக்கக் கூடாது," என்றான் அண்ணன்.

"கூடாதுதான்," என்றேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை டைரக்டர் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே வந்தார். அவர் வாயில் இருமல் மிட்டாய் வாசனை. அண்ணன் பின்னால் கதவோரம் உட்கார்ந்தான். நான் ஆரம்பித்தேன். அலை, படகு இன்ஜின், கரையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும் கூச்சல். வாயாடி மூச்சுவிடாமல் பேச, என் விரல்கள் அதன் பின்னாலேயே ஓடின.

"இது என்ன பாஷை?" என்றார் டைரக்டர்.

"நம்ம பாஷைதான். எனக்காக வேகமாப் பேசுது."

ஏலத்தில் ஒரு பெண்ணின் குரல் மட்டும் மேலே வர வேண்டும் என்றார். இன்ஜினை ஜலதோஷத்துக்குள் தள்ளி, கூச்சலைக் கொஞ்சம் கிணற்றுப் பக்கம் நகர்த்தினேன். அவள் குரல் தனியாக எழுந்து வந்தது. அவர் வாயிலிருந்த மிட்டாய் உருளுவது நின்றுவிட்டது.

"இந்தம்மா பேசினது எனக்கே இப்பதான் புரியுது," என்றார். "மிச்சப் படத்தைத் திங்கக்கிழமை அனுப்பறேன்."

அந்தப் பத்து நிமிஷத்தை ஃபைலாக எடுத்துக் கொடுக்கப் போனேன். நான் திறந்தே பார்க்காத ஒரு ஜன்னல் திரையில் திறந்தது. "எழுதும் பெட்டி. எழுதும் பெட்டி. எழுதும் பெட்டி" என்றது வாயாடி. பின்னால் அண்ணனின் நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்துவிட்டான். அடுத்த அடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான்.

"சார், இதுல என்னென்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க," என்று டைரக்டரிடம் கேட்டேன்.

"முதல்ல ஃபைல் பேரு. அடுத்தது தேதி. மூணாவது, மிக்ஸிங் செஞ்சவர். ஸ்டூடியோ பேரையே போட்டுடுங்களேன், பல பேர் அப்படித்தான் போடறாங்க."

"இல்ல சார். செஞ்சது நான்."

மூன்றாவது பெட்டிக்குப் போய் என் பெயரை அடித்தேன். பிறகு வாயாடியின் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, அறையில் இருந்த மூன்று பேருக்கும் புரியும்படி, அதை ஒருமுறை படிக்கவிட்டேன்.