ரொட்டியைத் தொடாத கை

விடியுமுன்பே எங்கள் நிலவறைப் பட்டறையில் மெஷின்கள் கத்தத் தொடங்கிவிடும். பிஷ்கெக் நகரின் ஜனவரிக் குளிர் லேசுப்பட்டதல்ல. விரலை ஊதி ஊதிச் சூடேற்றி ஊசியில் நூல் கோப்போம். பட்டென்று அறுந்துவிடும். மறுபடி கோப்போம், மறுபடி அறும். தைத்த சட்டைக்குத்தான் கூலி. கோத்த நூலுக்கு எவன் தருவான்?

முன்பு மூன்று வியாபாரிகளிடம் நூல் வாங்கினோம். ஒருவன் சரக்கு மோசமென்றால் அடுத்தவனிடம் போகலாம். முதலாளி சகின்பெக் ஏதோ கூட்டத்துக்குப் போய் 'திட்டமிட்ட கொள்முதல்' என்ற மந்திரத்தைக் கற்றுவந்தார். கொள்முதல் பார்க்கும் இளைஞன் ரகத் அவர் சொன்னபடி மூவரையும் கழற்றிவிட்டு, பாதி விலைக்குத் தரும் ஒரே ஆளிடம் ஓராண்டு ஒப்பந்தம் போட்டான். முதலாளி அவன் தோளைத் தட்டினார். நூல் அறுந்து அறுந்து எங்கள் கூலி இறங்கியது.

போன வாரம் அறுந்த நூல் சிக்கி, ஊசி முறிந்து, எங்களோடு தைக்கும் ஸூராவின் விரலில் பாய்ந்தது. "கவனமில்லாமத் தைச்சா இப்படித்தான்" என்றார் முதலாளி. பாவி மனிதர்!

சாப்பிடுகிறவர்களிடம் வந்தவர் ரொட்டியில் ஒரு துணுக்காவது கிள்ளாமல் போவது எங்கள் ஊரில் கிடையாது. தினமும் ஸூராவின் ரொட்டியைக் கிள்ளியவன் ரகத். அவள் விரலில் ஊசி பாய்ந்த நாளிலிருந்து அவன் கை நீளவே இல்லை. இன்று மதியமும் சும்மா நின்றான்.

"என்னடா தம்பி, ரொட்டி கசக்குதா?" என்று சீண்டினாள் எங்களில் மூத்தவளான தொக்தோபூபு.

"பசியில்லக்கா."

"பசிக்காகவா கிள்ளுவாங்க?"

கட்டுப்போட்ட கையால் ஸூரா தட்டை நகர்த்தினாள். "எடுத்துக்க தம்பி. உம்மேல எனக்குக் கோவமில்ல."

அதுதான் அவனை உடைத்தது. "கோவப்படுக்கா! முறுக்கு பத்தலன்னு நூலத் தொட்டப்பவே தெரியும். மொதலாளி பாராட்டுறாரேன்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் நாங்கள் மட்டும் யோக்கியமா? ஸூரா ரத்தம் சொட்ட வெளியே போனபோது ஒருத்தியும் மெஷினை நிறுத்தவில்லை. கூலி போய்விடுமே என்று தைத்துக்கொண்டே இருந்தோம். அந்தச் சத்தம் என் நெஞ்சை இன்னும் அறுக்கிறது.

அப்போது முதலாளி உள்ளே வந்து ஒரு சட்டை மூட்டையை மேஜையில் வீசினார்.

"மாஸ்கோவுலேருந்து திரும்பி வந்திருக்கு! தோள் தையல் பிரியுதாம். இந்த நஷ்டத்த உங்க கூலியிலதான் பிடிப்பேன்."

"அறுந்தது உங்க நூலு. அறுக்கிறது எங்க கூலியா?" என்றாள் தொக்தோபூபு.

"நூல்ல எவ்வளவு மிச்சம் பிடிச்சேன் தெரியுமா?"

"நூல்ல மிச்சம் பிடிச்சு, சட்டையில கோட்ட விட்டீங்க மொதலாளி."

ரகத் முன்னால் வந்தான். "அண்ணே, தப்பு அவங்களது இல்ல. நூலு சொத்தை. வாங்கினவன் நான், வாங்கச் சொன்னது நீங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா இந்த நூல இனிமே வாங்க மாட்டேன்."

"அப்ப இப்பவே வெளிய போ! நீங்கல்லாம் மெஷினுக்குப் போங்க!"

நான் எழுந்து போனேன். வீட்டில் குளிர்காயும் கரி தீர்ந்துவிட்டது. கூலி போனால் வாங்க முடியாது. ஆனாலும் மெஷினில் உட்காராமல், சாப்பாட்டு நேரத்திலும் உறுமிக்கொண்டிருந்த மோட்டாரை அணைத்தேன். பின்னால் இன்னொருத்தி அணைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கின. ஸூராவுக்காக அன்றே செய்திருக்க வேண்டியது.

"நூல மாத்துங்க. ஸூராவோட வைத்தியச் செலவக் குடுங்க. இவன் எங்கயும் போக மாட்டான்" என்றேன். "அப்புறம் தைக்கிறோம்."

ஸூரா ரொட்டியைப் பிய்த்து ரகத்திடம் நீட்டினாள். இந்தமுறை அவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அழுதுகொண்டே மென்றான்.

பிறகு அவள் தட்டை முதலாளியின் பக்கம் நகர்த்தினாள். "நீங்களும் எடுத்துக்கங்க, மொதலாளி."

அவர் கை நீளவில்லை. நாங்களும் தட்டை எடுக்கவில்லை. மெஷின்களுக்கு முதுகைக் காட்டி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம்.