ஒடிந்த பின்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்பீர்கள். அந்த வகைப் பொய் இல்லை. கடைக் கவுண்டரில் நின்று, ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே நான் சொன்னது. எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பொய்யால் கைக்கு வந்த புராசசர்தான் நான் தட்டும் இந்த எழுத்துகளைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உப்பளங்களின் மேல் வெயில் வெள்ளையாய்க் கொதித்துக்கொண்டிருந்த ஒரு"

அடித்துவிட்டேன். தூத்துக்குடிக்காரன் எழுத உட்கார்ந்தால் உப்பும் முத்தும் தானாக வந்து நிற்கும். நடந்ததோ ஏசி போட்ட கம்ப்யூட்டர் கடையில்.

அடுத்து: "வளன் அடிப்படையில் நல்லவன். ஆனால்"

அந்த 'ஆனால்' பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதையும் விட்டுவிட்டேன்.

(வளன் என்பது நான். எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை என்று சொல்ல ஆசைதான். அதையும் மாற்றியிருக்கிறேன்.)

2

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அங்கே யாருடைய பிரிண்டர் மக்கர் செய்தாலும் "வளன் சாரைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு. ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். புது புராசசர் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, வழக்கமாகப் போகும் லிங்கராஜ் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

அங்கே சர்வீஸ் மேசையில் ஜெபசுதா இருந்தாள். சாயர்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். இரண்டு வருடம் பில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்போதுதான் சர்வீஸ் மேசைக்கு வந்திருந்தாள். டப்பாவைப் பிரித்து, புராசசரைத் திருப்பி, அடியில் முடியைப் போல நிற்கும் பின்களைக் காட்டினாள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். எல்லாம் நேராக நின்றன.

"வீட்டுல என்ன மதர்போர்டு சார்?"

சொன்னேன்.

"அதுல இது உக்காராது சார். போர்டும் ரேமும் சேத்துத்தான் மாத்தணும்."

பக்கத்தில் என் ஆபீஸ் ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "எங்க ஆபீஸ்ல முப்பது சிஸ்டத்த நான்தாம்மா பாக்கேன்" என்றேன்.

"சரி சார்" என்று டப்பாவை மூடிக் கொடுத்தாள்.

* இந்த இடத்தில், நான் சிறுவனாக இருந்தபோது வகுப்பில் எல்லோரும் சிரித்த ஒரு சம்பவத்தை முதலில் எழுதியிருந்தேன். நீங்கள் என்மேல் இரக்கப்பட வேண்டும் என்பதற்காக. அப்படி ஒன்று நடக்கவில்லை.

3

அவள் சொன்னபடியே அது உட்காரவில்லை.

நிறுத்தியிருக்கலாம். நான் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளே மெல்லியதாக ஏதோ நெரிந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் பின்கள் காற்றடித்த நாற்று மாதிரி சாய்ந்து கிடந்தன.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். வழி முழுக்க, "தெரியாம அழுத்திட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் ஜெபசுதா நிமிர்ந்து, "உக்காந்துச்சா சார்?" என்று கேட்டாள். கேலி இல்லை. அக்கறையாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"டப்பாவத் திறந்தா இப்படி இருக்கு" என்று அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏளா, நீ பாத்துதான குடுத்த?"

"பாத்துதான் அண்ணாச்சி குடுத்தேன். சார்ட்டயும் காமிச்சேன்."

"நான் கவனிக்கலியே" என்றேன்.

"மூடும்போது எங்கயாவது இடிச்சிருப்ப. வளன் சார் பத்து வருசமா நம்ம கடைக்கு வாராரு. அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?"

ஜெபசுதா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய கீபோர்டுகளைப் பார்த்தேன்.

அண்ணாச்சி வேறு புராசசர் தந்தார். பெருந்தன்மை போல நானும், "போர்டும் ரேமும் சேத்தே போட்டுருங்க" என்றேன். "ஞாயித்துக்கெழம நீயே போயி மாட்டிக் குடுத்துட்டு வா" என்று அவர் அவளிடம் சொன்னார்.

4

இந்தப் பகுதியின் முதல் வரைவில் அவள் ஒரு பக்கத்துக்குப் பேசினாள். உழைப்பு, நேர்மை, பெண்கள் என்று எல்லாம் வந்தது. எனக்குக் கண்கூடக் கலங்கியது. உண்மையில் அவள் பேசியது கொஞ்சம்தான்.

எங்கள் முன்னறையில் தரையில் உட்கார்ந்து கேபினட்டைத் திறந்தாள். என் மனைவி பிளாரன்ஸ், "இவங்களே எல்லாம் பண்ணிருவாங்க, என்னமோ இந்தத் தடவ ஆள் வரச் சொல்லியிருக்காங்க" என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே டீ போடப் போனாள்.

ஜெபசுதா பழைய போர்டில் டார்ச் அடித்தாள். இன்னும் குனிந்து பார்த்தாள். பிறகு இடுக்கியால் எதையோ நிமிண்டி எடுத்தாள்.

"சார், ஒரு பின்னு இதுக்குள்ளயே ஒடிஞ்சு கெடக்கு."

பிளாரன்ஸ் டீயோடு வந்து, "என்னம்மா அது?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. தூசி."

அதை ஒரு காகிதத்தில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள். சுத்தமான வேலை. ஒயர்களைக்கூட ஒழுங்காகச் சேர்த்துக் கட்டினாள். கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி என்னையத் திரும்ப பில்லுக்கு மாத்துதாங்க சார். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா விட்டுருவாங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

* அந்தப் பின்னை அவளே அண்ணாச்சியிடம் காட்டியிருக்கலாமே, ஏன் காட்டவில்லை? வாடிக்கையாளர் என்ற பயம். அண்ணாச்சி நம்பமாட்டார் என்ற எண்ணம். இரண்டையும் எழுதினேன். மூன்றாவது ஒன்று உண்டு: நான் சொல்வேன் என்று அவள் நம்பினாள். அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

5

முடிவுகள்.

அ) வளன் கடைக்குப் போய் உண்மையைச் சொல்கிறான். அண்ணாச்சி அவன் தோளைத் தட்டுகிறார். (யார் தோளை யார் தட்டுவது. வெட்கமாக இருக்கிறது.)

ஆ) ஜெபசுதாவுக்குச் சென்னையில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்து அவள் (அப்படி எழுதினால் எனக்கு வசதி. நிறுத்துகிறேன்.)

இ) நடந்தது. நான் சொல்லவில்லை. முதல் வாரம் வேலை அதிகம். அடுத்த வாரம், 'இவ்வளவு நாள் கழித்தா' என்று தோன்றியது. இரண்டு மாதம் கழித்து ஒரு மவுஸ் வாங்கப் போனேன். அதையாவது வேறு கடையில் வாங்கியிருக்கலாம். ஜெபசுதா பில் கவுண்டரில் இருந்தாள். மவுஸை ஸ்கேன் செய்தாள். என் போன் நம்பரை என்னிடம் கேட்காமலே அடித்தாள்.

"வேற ஏதும் வேணுமா சார்?"

"இல்லம்மா."

6

இதுவரை எழுதிவிட்டுத் திரும்பினால் பின்னால் பிளாரன்ஸ் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"இது கதைதான?" என்றாள்.

"ஆமா" என்றேன். (பொய்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு: இது இன்னொன்று.)

"பேரத்தான மாத்திருக்கீங்க. வீட்டுக்கு வந்த புள்ள யாருன்னு எனக்குத் தெரியாதா?"

எழுதுவதே ஒரு மன்னிப்புதான், எல்லோரும் படிக்கும்படி ஒப்புக்கொள்கிறேன் என்று ஏதோ சொன்னேன்.

"அந்தப் புள்ள இதப் படிக்குமா?"

"தெரியல."

"அண்ணாச்சி?"

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கட எத்தன மணி வரைக்கும்?"

"எட்டு."

"இப்ப ஆறரை. கெளம்புங்க, நானும் வாரேன்."

"இத மட்டும் முடிச்சிட்டு வாரேன்."

"முடிக்காம வாங்க" என்றாள்.

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அண்ணாச்சி நம்புவாரா, ஜெபசுதா என் முகத்தைப் பார்ப்பாளா, சர்வீஸ் மேசை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா, அதெல்லாம் உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து போனேனா என்பதை மட்டும் எழுதமாட்டேன். எழுதிவிட்டால் போனது மாதிரி ஆகிவிடும், எனக்கு அது போதும் என்றும் ஆகிவிடும். என்னை எனக்குத் தெரியும்.

பிளாரன்ஸ் மறுபடி கூப்பிடவில்லை. வாசலில் நிற்கிறாள்.